பழைய டிராக்டருக்கு மறுபெயின்ட்: துருவை விட எண்ணெய்தான் எதிரி

கேள்வி இதுதான்: டிராக்டருக்கு வயது நாற்பதுக்கு மேல். எஞ்சின் நன்றாக ஓடுகிறது. பானெட் வெளுத்துவிட்டது, மட்கார்டு ஓரங்களில் துரு, கியர்பாக்ஸ் பக்கம் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கட்டியாகக் கிடக்கிறது. சின்ன கம்ப்ரசர் ஒன்று கைவசம் இருக்கிறது. எதையும் கழற்றாமல், மேலாகத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) ஒரு கோட், எனாமல் இரண்டு கோட் அடித்தால் போதுமா?

அடிக்கலாம். சில மாதங்களுக்குப் பளபளக்கும். பிறகு எங்கே உரியும் என்பதையும் இப்போதே சொல்லிவிடலாம்: பின் ஆக்சில் ஹவுசிங்கின் அடிப்பக்கம், டீசல் பம்பைச் சுற்றி, கிளட்ச் ஹவுசிங் சேரும் கோட்டில், டீசல் டேங்க் மூடிக்குக் கீழே. நான்குமே துருப்பிடித்த இடங்கள் அல்ல, எண்ணெய் ஊறிய இடங்கள். துரு கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதைத் தேய்த்துத் தேய்த்துக் களைத்துப் போகிறார்கள். பெயின்டைத் தகடாகத் தூக்கி எறிவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் படலம்தான். ஆகவே வேலையில் பாதி நேரம் கழுவுவதற்கே போக வேண்டும். அதுவும் தேய்ப்பதற்கு முன்னால். கிரீஸ் படிந்த இரும்பில் ஒயர் பிரஷ் போட்டால், காஸ்டிங்கின் (வார்ப்பிரும்பு பாகத்தின்) நுண்துளைகளுக்குள் கிரீஸை இன்னும் அழுத்தித் திணிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முதலில் எங்கே கசிகிறது என்று பாருங்கள். மேலே எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் அது எண்ணெய்க் கசிவை நிறுத்தாது. தடிமனான மண்ணைப் பட்டி பிளேடால் சுரண்டி எடுத்து, ஒரு முறை கழுவி, காய்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடரோ சுண்ணாம்புப் பொடியோ தூவி, வண்டியை அரை மணி நேரம் ஓட்டுங்கள். பவுடர் எங்கே முதலில் கறுத்து ஈரமாகிறதோ அதுதான் ஊற்று. அதற்குக் கீழே தெரிவதெல்லாம் வழிந்து வந்தது. டேப்பட் கவர் கேஸ்கெட், பின் ஆக்சில் ஆயில் சீல், பி.டி.ஓ. ஷாஃப்ட் (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) சீல், ஹைட்ராலிக் லிஃப்ட் மூடி, இன்ஜெக்டர் ரிட்டர்ன் குழாயின் வாஷர்கள்: பழைய வண்டியில் வழக்கமாகக் கசியும் இடங்கள் இவைதான். இவற்றை மாற்றிவிட்டுத்தான் பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு சீல் மாற்றப் போனால் ஸ்பேனர் பட்டு முனையெல்லாம் போகும்.

எவ்வளவு கழற்றுவது என்பதில் நடுவழி ஒன்று உண்டு. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றையும் பிரிக்க வேண்டாம். பானெட், கிரில், மட்கார்டுகள், டேஷ்போர்டு, சீட், டூல் பாக்ஸ், லைட்டுகள், பேட்டரி, பேட்டரி டிரே, டீசல் டேங்க், சைலன்சர், ஏர் கிளீனர், சக்கரங்கள் ஆகியவை கழல வேண்டும். தகர பாகங்களை வண்டியில் வைத்தபடியே அடித்தால், தகரமும் காஸ்டிங்கும் சேரும் இடுக்கில் பெயின்ட் போகாது. துரு அங்கிருந்துதான் திரும்ப ஆரம்பிக்கும். கழற்றும் முன் ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுங்கள். ஒயர் போகும் வழி, குழாய் கிளிப்பின் இடம், வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பவை இரண்டு மாதம் கழித்து நினைவில் இருக்காது. போல்ட்டுகளைப் பாகவாரியாகத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

சக்கரம் கழற்றுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. டிராக்டரின் முன் ஆக்சில் நடுப் பின்னில் ஊஞ்சல் போல ஆடும். எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் வண்டி சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்துவிடும். முன் ஆக்சிலுக்கும் அதன் மேலுள்ள பிராக்கெட்டுக்கும் இடையே இரு பக்கமும் கெட்டி மர ஆப்பு அடித்த பிறகே தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டோ, அடுக்கிய மரக்கட்டையோ கட்டாயம். பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் ஒரு சக்கரமே முந்நூறு கிலோவை எளிதாகத் தாண்டும், தனி ஆளாகச் சாய்க்க முடியாது. தண்ணீரை முன்னதாகவே இறக்கிவிடுங்கள்.

இனி கழுவுதல். மண்ணெண்ணெயோ டீசலோ தெளித்து ஊறவைத்துச் சுரண்டுவது பழைய வழி. கட்டியை இளக்க அது நல்லதுதான், ஆனால் அத்தோடு நிறுத்துவதுதான் தப்பு. டீசல் கிரீஸைக் கரைத்து மெல்லிய படலமாகப் பரப்பிவிட்டுப் போகும். பார்க்கச் சுத்தமாக இருக்கும், பெயின்ட் பிடிக்காது. அதனால் அதற்கு மேல் டிகிரீசர் சோப்பு போட்டு, கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலான வெந்நீரில், முடி பிரஷ்ஷால் தேய்த்து, குறைந்தது மூன்று சுற்று கழுவ வேண்டும். காஸ்டிக் சோடா கலந்த கரைசல் இரும்பில் நன்றாக வேலை செய்யும். அலுமினிய பாகத்தில் பட்டால் அதையே அரித்துத் தின்னும். பழைய வண்டிகளில் டைமிங் கவர், தெர்மோஸ்டாட் ஹவுசிங், டைனமோவின் முனைகள் அலுமினியமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரஷர் வாஷர் இருந்தால் நல்லது, ஆனால் முனையை ஆயில் சீல், டைனமோ, செல்ஃப் மோட்டார், பிரீதர் (உள்ளிருக்கும் காற்று வெளியேறும் துளை) ஆகியவற்றின் மேல் நேராகக் காட்டாதீர்கள். ஓடி நிறுத்திய சூட்டோடு டீசல் பம்பில் குளிர்ந்த தண்ணீர் அடிக்கவே கூடாது. உள்ளே மிக நெருக்கமாகப் பொருந்திய பாகங்கள் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும்.

சுத்தமாகிவிட்டதா என்பதைக் கண்ணை நம்பி முடிவு செய்ய வேண்டாம். பின் ஆக்சில் ஹவுசிங்கின் மேல் ஒரு குவளை சுத்தமான தண்ணீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாகப் படர்ந்து, அரை நிமிடம் உடையாமல் நின்றால் அந்த இடம் சுத்தம். தாமரை இலையில் போல முத்து முத்தாகத் திரண்டாலோ, விரிப்பின் நடுவே திட்டுத் திட்டாக விலகி இரும்பு தெரிந்தாலோ, அங்கே எண்ணெய் இருக்கிறது. விலகிய திட்டைச் சாக்பீஸால் வட்டமிட்டு மறுபடி கழுவுங்கள். பெரும்பாலும் போல்ட் தலைகளைச் சுற்றியும் ஹவுசிங்கின் அடி வளைவிலும்தான் வட்டம் விழும்.

பழைய வார்ப்பிரும்பு எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். இன்று சுத்தமாகத் தெரிந்த இடத்தில் நாளை வெயில் பட்டதும் வியர்வை போல மேலே வரும். அப்படிப்பட்ட இடத்தை ஹீட் கன்னால் தொட முடியாத சூட்டுக்குக் கொண்டுவந்து, ஆறவிட்டு, தின்னரால் துடைத்து, இரண்டு மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டும். டீசல் டேங்க், பேட்டரி, எரிபொருள் குழாய் எல்லாம் ஏற்கெனவே வண்டியிலிருந்து போயிருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய பெயின்டை எடுக்கும் முன் இரண்டு எச்சரிக்கை. பழைய காலத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு பெயின்ட்களில் ஈயம் இருந்தது. உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்; ஈரமாகத் தேயுங்கள் அல்லது கெமிக்கல் ரிமூவர் போடுங்கள். துகளைத் திரட்டி அப்புறப்படுத்துங்கள், குழந்தைகளும் ஆடு மாடும் நடமாடும் மண்ணில் விடாதீர்கள். இரண்டாவது, பழைய பிரேக், கிளட்ச் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்த ஹவுசிங்கைக் காற்று அடித்துச் சுத்தம் செய்யாமல், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

காஸ்டிங்கில் கெட்டியாகப் பிடித்திருக்கும் பழைய பெயின்டை முழுதும் உரிக்கத் தேவையில்லை. பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டிச் சடாரென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் எடுத்தாக வேண்டும். வராவிட்டால் 180-ஆம் நம்பர் உப்புத்தாளால் மினுமினுப்பைக் கொன்று, உரிந்த ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்து, அப்படியே வைத்துக்கொள்ளலாம். கூடவே தின்னர் நனைத்த துணியை அதன் மேல் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். கரைந்து துணியில் ஏறினால் அது வலுவான தின்னரைத் தாங்காது. அதன் மேல் டூ-கே பெயின்ட் (இறுகவைக்கும் ஹார்டனரைத் தனியே கலந்து அடிக்கும் பெயின்ட்) போட்டால் சுருங்கி மடிப்பு மடிப்பாக எழும்பும்.

கிரைண்டரில் கப் பிரஷ் மாட்டித் தேய்ப்பது வேகமான வேலை. ஆனால் கப் பிரஷ் இரும்பைச் சொரசொரப்பாக்குவதில்லை, மெருகேற்றிவிடுகிறது. பளபளத்த இரும்பில் பிரைமருக்குப் பிடிமானம் இல்லை. அதற்குப் பிறகு 80-ஆம் நம்பர் உப்புத்தாள் ஒரு முறை ஓட வேண்டும். மணல் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணலை வீசித் துருவையும் பெயின்டையும் எடுப்பது) என்றால் ரிம், டிஸ்க், டிராபார், முன் வெயிட், ஃபுட்போர்டு போன்ற தனிப் பாகங்களுக்கு மட்டும். எஞ்சின், கியர்பாக்ஸ் மேல் வேண்டவே வேண்டாம். எவ்வளவு மூடினாலும் ஒரு சிட்டிகை மணல் சீல் வழியாகவோ பிரீதர் வழியாகவோ உள்ளே போனால் பேரிங்கைத் தின்றுவிடும். பானெட் போன்ற அகலமான தகரம் பிளாஸ்டிங்கில் நெளிந்து போகும், அதை நேராக்குவது பெயின்ட் வேலையை விடப் பெரிய வேலை. சாதாரண ஆற்று மணலின் தூசி நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா என்பதால் கார்னெட் போன்ற வேறு துகள்களே சரி. பிளாஸ்ட் செய்த இரும்பு பச்சைக் குழந்தை மாதிரி. ஈரக்காற்று பட்ட சில மணி நேரத்தில் மஞ்சள் பூக்கும். அன்றே பிரைமர் ஏற வேண்டும்.

மட்கார்டு ஓரத்துத் துருவைத் தேய்த்த பிறகும் குழிகளுக்குள் கறுப்பு மிச்சமிருக்கும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைப் பிரஷ்ஷால் தடவி, 10 முதல் 20 நிமிடம் உலராமல் ஈரமாகவே வைத்திருந்து, டப்பாவில் சொன்னபடி கழுவி உடனே காயவையுங்கள். கழுவாமல் உலரவிட்டால் வெள்ளைப் பொடியாக அமிலம் தங்கும். எபாக்சி பிரைமர் அதன் மேல் சரியாக இறுகாது. ஓட்டை விழுந்த தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள். ஓட்டை மேல் பட்டி அப்பினால் பின்பக்கத்திலிருந்து ஈரம் ஏறி, கொப்புளமாக எழும்பும். மட்கார்டில் இரண்டு தகடு ஒன்றன் மேல் ஒன்று படியும் மடிப்புகளில் பிரைமருக்குப் பிறகு சீம் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) வைக்க மறக்க வேண்டாம்.

இப்போது ரெட் ஆக்சைடு விஷயம். அது கெட்ட பொருள் இல்லை, ஆனால் ஒற்றைக் கோட் ரெட் ஆக்சைடு நுண்துளைகள் உள்ள படலம். மேலே பெயின்ட் ஏறாமல் வாரக்கணக்கில் விட்டால் ஈரம் அதன் வழியாக இரும்பைத் தொடும். இன்னொன்று, அதன் மேல் வழக்கமான எனாமல் போகலாம், டூ-கே போகக் கூடாது, தூக்கிவிடும். ஆகவே பிரைமரைத் தனியாக யோசிக்காமல், மேல் பெயின்டோடு சேர்த்து ஒரே ஜோடியாக முடிவு செய்யுங்கள்.

செலவையும் சிரமத்தையும் குறைக்க நினைத்தால் ரெட் ஆக்சைடு அல்லது ஆல்கிட் பிரைமர், மேலே சாதாரண எனாமல். பிரஷ்ஷிலும் அடிக்கலாம், கீறல் விழுந்தால் தொட்டுச் சரிசெய்வது எளிது. குறை என்னவென்றால், எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மேலிருந்து உள்ளே இறுகும். தொட்டால் ஒட்டாத நிலை ஒரே நாளில் வரும், முழுதாக இறுக வாரங்கள் ஆகும். அதுவரை ஒரு சொட்டு டீசல் பட்டாலும் மிருதுவாகும். அடுத்த கோட்டை டப்பாவில் சொன்ன சில மணி நேரத்துக்குள் போடுங்கள், தவறினால் ஒரு வாரம் பொறுங்கள். இடைப்பட்ட நாட்களில் போட்டால் பாதி இறுகிய கீழ்ப்படலம் புது தின்னரைக் குடித்து வீங்கி, ஆடைகட்டிய பால் போலச் சுருங்கும்.

நீடிக்க வேண்டும் என்றால் எபாக்சி பிரைமர், அதன் மேல் டூ-கே பாலியூரிதேன். டீசல், உரம், வெயில் மூன்றையும் இதுதான் நன்றாகத் தாங்கும். கலவை விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நான்கு பங்கு பெயின்டுக்கு ஒரு பங்கு ஹார்டனர் (4:1) பரவலாக இருக்கிறது. கண்ணளவில் ஊற்றாமல் அளவுக் கோப்பையில் கலக்குங்கள். ஹார்டனர் குறைந்தால் ஒட்டிக்கொண்டே இருக்கும், கூடினால் நொறுங்கும். எபாக்சியைக் கலந்ததும் அடிக்காமல் 15 முதல் 30 நிமிடம் வைக்கச் சொல்லும் டப்பாக்கள் உண்டு, அதை மீற வேண்டாம்.

டூ-கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. வாசனை வந்து எச்சரிக்காது. ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா வரும். துணி முகக்கவசம் இதற்குப் பயனில்லை. வெளியிலிருந்து காற்று வரும் முகக்கவசம்தான் முழுப் பாதுகாப்பு. கார்பன் கார்ட்ரிட்ஜ் என்றால் புதிதாக, முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்துவதாக இருக்க வேண்டும், தாடி இருந்தால் பொருந்தாது. கையுறையும் கண்ணாடியும் சேர வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எனாமலை ஹார்டனர் இல்லாமல் அடிப்பதே என் பரிந்துரை. பெயின்ட் இரண்டு வருடம் முன்னதாக வெளுத்தால் பரவாயில்லை.

எவ்வளவு வாங்குவது? தயாராகக் கலந்த 1 லிட்டரில் பாதி கரைப்பான் என்று வைத்தால், 50 மைக்ரான் தடிப்புக்கு 10 சதுர மீட்டர் வரும். ஸ்பிரேயில் மூன்றில் ஒரு பங்காவது காற்றோடு போகும், ஆக 6 முதல் 7 சதுர மீட்டர். 35 முதல் 50 எச்.பி. வண்டிக்குத் தோராயமாக எபாக்சி பிரைமர் 3 முதல் 4 லிட்டர், காஸ்டிங் நிறம் 2 முதல் 2.5, தகர நிறம் 2, சக்கர நிறம் 1 முதல் 1.5, தின்னர் 5 லிட்டர். ஒரே நிறத்தில் இரண்டு மூன்று டப்பா வாங்கினால் எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். தனித்தனியாக அடித்தால் பானெட்டும் மட்கார்டும் பக்கத்தில் நிற்கும்போது வித்தியாசம் தெரியும்.

நிறத்தை வெளுத்த பானெட்டைப் பார்த்துப் பொருத்தாதீர்கள். டேஷ்போர்டின் உட்புறம், நம்பர் பிளேட்டின் பின்புறம், டேங்கின் அடி என வெயில் படாத இடத்தை ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்துப் பாருங்கள், அசல் நிறம் எழும்பும். பழைய வண்டியில் வருடம் பார்ப்பதும் அவசியம். 1946 முதல் 1956 வரை வந்த ஃபெர்குசன் டி.இ.20 முழுக்கச் சாம்பல் நிறம். அதைச் சிவப்பாக்கினால் விவரம் தெரிந்தவர்களுக்கு உறுத்தும். ஃபார்மால் வண்டிகள் 1936-இல்தான் சாம்பலிலிருந்து சிவப்புக்கு மாறின. உழவுக்கு மட்டும் என்றால் எந்த நிறமும் உங்கள் விருப்பம்தான்.

தகரத்துக்கும் காஸ்டிங்குக்கும் ஒரே உழைப்பைக் கொட்டாதீர்கள். வார்ப்பிரும்பு சொரசொரப்பாக வந்தது, அப்படியே இருப்பதுதான் அழகு. அதில் பட்டி போட்டுக் கண்ணாடி போலாக்குவது வீண் வேலை, வண்டி பொம்மை மாதிரி ஆகிவிடும். உழைப்பெல்லாம் பானெட்டுக்கும் மட்கார்டுக்கும். முதலில் டிங்கரிங்: சுத்தியலும் டாலியும் (தகரத்துக்குப் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டை) வைத்து முடிந்த மட்டும் தட்டி நேராக்குங்கள். எபாக்சி பிரைமர் ஏறி இறுகிய பின் அதைச் சொரசொரப்பாக்கி, அதன் மேல் பாலியஸ்டர் பட்டி. 3 மி.மீ.க்கு மேல் போனால் வெடிக்கும். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் அளவில்தான் ஹார்டனர். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டிப் போட்டால் அது மேல் பெயின்ட் வழியாகக் கறையாக வெளிவரும். கலந்த பிறகு சில நிமிடங்களே கையில் இருக்கும், வெயில் காலத்தில் அதுவும் குறையும். ஒரு எலுமிச்சை அளவு கலந்து, போட்டு, பிறகு அடுத்தது.

பட்டியை முதலில் 80, பிறகு 180, கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் உலர்வாகத் தேயுங்கள். பட்டி தண்ணீரைக் குடிக்கும், ஈரத்தாள் வேண்டாம். மேலே ஃபில்லர் பிரைமர் இரண்டு மூன்று கோட். அது காய்ந்ததும் கறுப்பு ஸ்பிரேயைத் தூறல் போல மிக மெல்லியதாகத் தூவி, 320, பிறகு 400-ஆம் நம்பர் ஈரத்தாளால் கட்டை வைத்துத் தேயுங்கள். கறுப்பு நிற்கும் இடம் பள்ளம். கறுப்பு போய், இரும்பு தெரியும் இடம் மேடு. கையால் தடவி அறிய முடியாத நெளிவைக் கூட இது காட்டிக்கொடுக்கும்.

அடிப்பதற்கு முன் மூடவேண்டியவை: பிரீதர், டிப்ஸ்டிக் துளை, பி.டி.ஓ. ஷாஃப்ட், ஹைட்ராலிக் ராடுகள், சீல்களின் உதடு, ஒயர் கனெக்டர்கள், நம்பர் பிளேட். வளைந்த பாகங்களுக்கு டேப்பை விட அலுமினியத் தாள் வசதி, அழுத்தினால் உருவத்தோடு படியும். கிரீஸ் நிப்பிளில் கிரீஸ் தடவி மூடும் பழக்கம் உண்டு. அந்தக் கிரீஸ் விரலில் ஒட்டிப் பக்கத்து இரும்புக்கும் போகும். சின்ன ரப்பர் குழாய்த் துண்டைச் செருகுவது மேல். செல்ஃப் மோட்டார் உட்காரும் முகம், பேட்டரி எர்த் ஒயர் பிடிக்கும் இடம் இரண்டிலும் வெறும் இரும்பு இருக்க வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்று பேட்டரி மாற்றுபவர்களில் பலருக்கு உண்மையான கோளாறு எர்த் புள்ளியில் ஏறிய பெயின்ட்தான்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் சைலன்சருக்கும் சாதாரண பெயின்ட் நிற்காது, 600 டிகிரி தாங்கும் ஹீட் பெயின்ட், பிரைமர் இல்லாமல் வெறும் இரும்பின் மேல் மெல்லியதாக. அது சூட்டில்தான் இறுகும், எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிட்டு, பிறகு இருபது நிமிடம், பிறகு அரை மணி என்று ஏற்றுங்கள். முதல் முறை புகை வரும், பயப்பட வேண்டாம். ரேடியேட்டர் ஃபின்களில் கறுப்பு ஒரே மெல்லிய தூறல் போதும். தடிமனாக அடித்தால் சூடு வெளியேறாது.

ஸ்பிரே கன்னில் பிரைமருக்கு 1.6 முதல் 1.8 மி.மீ. முனை, மேல் பெயின்டுக்கு 1.3 அல்லது 1.4. சாதாரண கன்னுக்குக் காற்று 30 பி.எஸ்.ஐ. சுற்றி, ட்ரிகரை அழுத்தியபடி அளந்தது. கன்னுக்கும் பாகத்துக்கும் இடையே ஒரு சாண் தூரம், ஒவ்வொரு ஓட்டமும் முந்தியதில் பாதியை மூட வேண்டும். கையை வளைக்காமல் பாகத்துக்கு இணையாக ஓட்டுங்கள், பாகத்துக்கு வெளியிலேயே ட்ரிகரை அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் பாகத்தைத் தாண்டிய பிறகே விரலை எடுங்கள். சின்ன கம்ப்ரசரில் ஒரு மட்கார்டு முடிவதற்குள் காற்று இறங்கிவிடும். பாகம் பாகமாக அடியுங்கள், அழுத்தம் குறையும்போது நிறுத்துங்கள். இழுத்து அடித்தால் பெயின்ட் பொடிப்பொடியாக உடையாமல் துளித்துளியாக விழும். தண்ணீர் பிரிக்கும் டிராப்பைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டினால் அங்கே காற்று சூடாக இருப்பதால் ஈரம் ஆவியாகவே தாண்டிப் போகும். 8, 10 மீட்டர் குழாய்க்குப் பிறகு, காற்று ஆறிய இடத்தில் மாட்டுங்கள். டேங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பதும் அன்றன்று செய்ய வேண்டியது.

காஸ்டிங்கில் முதலில் இடுக்கு, போல்ட் தலைகளின் பக்கவாட்டு, ஹவுசிங்கின் அடி. பிறகுதான் அகல முகங்கள். இதை மாற்றிச் செய்தால் இடுக்குக்காகத் திரும்பி வரும்போது அகல முகத்தில் வழிந்துவிடும். முதல் கோட் மெல்லியதாக, ஒட்டுவதற்கு மட்டும். 10 முதல் 15 நிமிடம் கழித்து விரலால் மாஸ்கிங் டேப் மேல் தொட்டுப் பாருங்கள். நூல் இழுக்காமல் ஒட்டினால் அடுத்த கோட். மூன்று மெல்லிய கோட், ஒரு தடித்த கோட்டை விட எப்போதும் மேல். சிவப்பும் மஞ்சளும் கீழ்நிறத்தை மூடும் வலு குறைந்தவை. மஞ்சளுக்கு வெள்ளைப் பிரைமர் வைத்தால் ஒரு கோட் மிச்சம்.

அதிகாலைப் பனியிலும் மழைக்கு முந்தைய புழுக்கத்திலும் அடிக்காதீர்கள், பளபளப்பு வெண்மையாக மங்கும். உச்சி வெயிலில் சூடேறிய தகரத்தில் அடித்தால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே சிக்கிய தின்னர் ஊசிமுனைக் குழிகளாக வெடித்து வெளியேறும். அடிக்கும்போதே மீன்கண் போல வட்டவட்டமாகப் பெயின்ட் விலகினால் எண்ணெயோ சிலிக்கான் பாலிஷோ மிச்சமிருக்கிறது. அதன் மேல் தடிமனாக அடித்து மூட முயன்றால் வட்டம் பெரிதாகும். நிறுத்தி, துடைத்து, மறுபடி கழுவுவதுதான் வழி. டயர் பாலிஷ் ஸ்பிரேயை அந்தக் கொட்டகைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். வழிந்துவிட்டால் கையால் தொடாமல் இறுகவிட்டு, பிறகு பிளேடால் சீவி 800, 1200 ஈரத்தாளால் சமன் செய்து பாலிஷ் போடலாம்.

சக்கரத்தில் பலர் கவனிக்காதது ஒன்று: ரிம்மும் டிஸ்க்கும் சேரும் முகம், டிஸ்க் ஹப்பில் உட்காரும் முகம், நட் உட்காரும் சாய்வு. இங்கெல்லாம் மெல்லிய பிரைமருக்கு மேல் எதுவும் வேண்டாம். தடித்த பெயின்ட் நட்டின் அழுத்தத்தில் நசுங்கி மெலியும், அப்போது நட் தளரும், போல்ட் துளை முட்டை வடிவாகும். மாட்டிய பிறகு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி முறுக்குங்கள், பத்து மணி நேரம் ஓடியபின் இன்னொரு தடவை.

எனாமல் என்றால் ஒரு வாரமாவது ஆறவிட்டுப் பாகங்களை மாட்டுங்கள், ஸ்டிக்கர் ஒட்ட மூன்று வாரம் பொறுங்கள். அதற்குள் ஒட்டினால் பெயின்டிலிருந்து வெளியேறும் ஆவி ஸ்டிக்கருக்கு அடியில் குமிழியாக நிற்கும். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டினால் இடம் நகர்த்திச் சரிசெய்யலாம். பெயின்ட் துடைத்த துணிகளைக் குவித்துப் போடாதீர்கள். எனாமல் நனைந்த துணிக் குவியல் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவைத்து எறியுங்கள். மிச்சமுள்ள நிறத்தில் அரை லிட்டரைக் கலக்காமல், சின்ன டப்பாவில் வாய் வரை நிரப்பி, நிற எண்ணை எழுதி மூடி வையுங்கள். டீசல் ஊற்றும் வாய் ஓரம்தான் முதலில் தொட்டுச் சரிசெய்ய வேண்டி வரும். டூ-கே ஹார்டனரைச் சேமிக்க வேண்டாம். திறந்த டப்பாவில் ஈரம் ஏறிக் கலங்கிக் கெட்டியாகும், அந்த நேரத்தில் புதிது வாங்குங்கள்.